திறப்பு எங்கே, பத்திரம் எங்கே?

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



இந்த உரையை ஒருத்தி வாசித்தாலும் நால்வர் கூடியிருந்து ஆக்கினோம். ஒருவர் மருத்துவத் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஒருவர் மனையியல் படிப்பித்தவர். ஒருவர் பேசாலையில் கடற்றொழில் வீடொன்றைக் கட்டி ஆள்பவர். மற்றவர் கனடாவில் இருந்துகொண்டு, இங்கே தனியே இருக்கும் தாயாரைத் தொலைபேசியில் பார்த்துக்கொள்பவர். ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம். நூறு ஆண்டுக் கொண்டாட்டத்தில் பள்ளிக்கால நினைவுகளை விட்டுவிட்டு நெருப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்களே என்று சிலருக்குத் தோன்றலாம். நினைவுகளைச் சொல்ல இந்த மேடைக்கு இன்னும் பலர் வர இருக்கிறார்கள். வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதை மனையியல் பாடத்தில் எல்லோரும் படித்தோம், பரீட்சைக்கும் எழுதினோம். ஆனால் அந்தப் பாடத்தில் இருந்த வீடு மன்னார் வீடு அல்ல. அதனால்தான் இந்தப் பேச்சு.

எங்கள் அம்மம்மாமார் நெருப்புக்குப் பயந்தவர்கள். மரியாதையோடுதான் சொல்கிறோம். கிடுகுக் கூரை, பனையோலை வேலி, காவோலை குவிந்த வளவு, வாடையும் சோளகமும் மாறிமாறி அடிக்கும் காற்று. நெருப்புக்கு வேண்டியதெல்லாம் இந்தத் தீவில் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஆகவே குசினியை வீட்டோடு ஒட்டாமல் தனியே போட்டார்கள். காற்றின் பக்கம் பார்த்து, அடுப்புப் பொறி வீட்டுக் கூரைக்குப் பறக்காத மூலையில் போட்டார்கள். படுக்கப் போகுமுன் தணலைச் சாம்பலால் மூடினார்கள். பக்கத்து வீட்டில் தணல் வாங்கப் போகும் பிள்ளையிடம், ஒரு சிரட்டையில் எடுத்து இன்னொரு சிரட்டையால் மூடிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஒரு கூரை பற்றிவிட்டால், எரிகிற வீட்டை விட்டுவிட்டு, காற்று போகிற பக்கத்தில் இருக்கும் அடுத்த வீட்டுக் கிடுகைக் கொக்கத்தடியால் இழுத்து விழுத்துவார்கள். எரிகிறது எரியட்டும், ஊர் மிஞ்சட்டும் என்ற கணக்கு அது. கோவில் மணி நேரங்கெட்ட நேரத்தில் அடித்தால் எல்லோரும் வாளியோடு ஓடிவந்தார்கள்.

இன்று வீடு கல்வீடு. சுவர் எரியாது, கூரையும் பெரும்பாலும் எரியாது. அதனால் பயமும் போய்விட்டது. ஆனால் வீட்டுக்குள் நாம் கொண்டுவந்து நிரப்பியிருப்பவற்றை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்: பஞ்சு மெத்தை என்று சொல்லி வாங்கிய இறப்பர் நுரை மெத்தை, சோபா, நைலோன் திரைச்சீலை, பிளாஸ்ரிக் கதிரை, கடற்றொழில் வீடானால் மூலையில் மலைபோல் நைலோன் வலை. கிடுகு எரிந்தால் சுவாலை எழும், புகை கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போய்விடும். நுரை மெத்தை எரிந்தால் கரும்புகை எழும், அது போக இடமில்லாமல் அறைக்குள்ளேயே தங்கும். எங்களில் தாதியாக இருந்தவர் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: வீட்டுத் தீயில் உயிரை எடுப்பது அநேகமாகப் புகை. சுவாலை உடம்பைத் தொட முன்னரே, நித்திரையிலேயே ஆள் மயங்கிவிடும். விழித்துக்கொண்டால் வெளியேறக் கிடைப்பது ஓரிரு நிமிடம்தான்.

அந்த ஓரிரு நிமிடத்தில் எங்கள் ஆட்களை உள்ளே பிடித்து வைப்பது எது என்று யோசித்தோம். மூன்று விடயங்களில் வந்து நின்றோம்: திறப்பு, பத்திரம், பழைய பழக்கம். அவற்றுக்கு வருவதற்கு முன், தீ எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில் விளக்கு. பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2022இல் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் மின்சாரம் நின்றபோது, பரணில் கிடந்த குப்பிவிளக்குகள் எல்லாம் இறங்கி வந்தன. மருந்துக் குப்பியின் மூடியில் துளை போட்டுத் திரி செருகிய விளக்கு. உயரம் கூட, அடி சிறிது, மூடி இறுக்கமில்லை. பூனை தட்டினாலும் விழும், விழுந்தால் உடையும், உடைந்தால் எண்ணெய் பாய்ந்த இடமெல்லாம் நெருப்பு. வைத்தியர் விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர், இப்படி எரிந்து வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்துச் சலித்து, காயத்தைவிட விளக்கைத் திருத்துவதே மேல் என்று முடிவெடுத்தார். குட்டையான, தடித்த கண்ணாடிப் போத்தல். விழுந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை. திருகி இறுக்கும் உலோக மூடி. மாமைற் போத்தலின் குட்டை உருவம்தான் அவருக்கு வழிகாட்டியதாம். 'சுதீப' என்று பெயரிட்டு நாடு முழுவதும் இலட்சக்கணக்கில் பரப்பினார். அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. விழும் பொருளை விழாத உருவத்தில் செய்தார், அவ்வளவுதான். அந்த விளக்கு கையில் இல்லாதவர்கள் குட்டையான தடித்த போத்தலைத் தேடுங்கள், மணல் நிரப்பிய தட்டத்தில் வையுங்கள், எரிகிற விளக்குக்கு ஒருபோதும் எண்ணெய் ஊற்றாதீர்கள். அதைவிட நல்லது ரோச் லைற்.

மண்ணெண்ணெய் என்றதும் எங்கள் பேசாலைத் தோழி ஒன்று சொன்னார். படகு எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடும், தொடக்கி விடுவதற்குப் பெற்றோல் வேண்டும். வீட்டில் இரண்டும் ஒரே மாதிரிக் கலனில், ஒரே மூலையில் நிற்கும். இருட்டில் கை மாறினால், மண்ணெண்ணெய் என்று நினைத்து அடுப்புக்கோ விளக்குக்கோ பெற்றோல் போய்விடும். தன் வீட்டில் பெற்றோல் கலனின் பிடியில் சிவப்புத் துணி கட்டி, வளவின் கோடியில் தனிக் கொட்டிலில் வைத்திருக்கிறாராம். பெற்றோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தோடு ஊர்ந்து அடுப்பைத் தேடிப் போகும். அதனால் மூடி இறுக்கமாயிருந்தாலும் அது வீட்டுக்குள் வரக்கூடாது. வலையும் அப்படித்தான். எரியும் நைலோன் உருகிச் சொட்டும், சொட்டிய இடமெல்லாம் பற்றும். வலையும் எண்ணெயும் ஒரே கொட்டிலில் இருக்கவே கூடாது.

காஸ் பற்றி 2021 எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த ஆண்டு நவம்பர், டிசெம்பர் மாதங்களில் நாடெங்கும் குசினிகளில் வெடிப்பும் தீயும். ஜனாதிபதி நியமித்த குழு, சிலிண்டருக்குள் புறொப்பேன், பியூற்றேன் வாயுக்களின் விகிதம் மாறியதைக் காரணமாகச் சுட்டியது. உள்ளே இருப்பதை நாம் மாற்ற முடியாது. வெளியே இருப்பது நம் பொறுப்பு. காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் கீழே படிந்து, குசினிச் சீமெந்துத் தரையில் குளம்போல் தேங்கும். மணம் வந்தால் லைற் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், மின்விசிறியையும் தொட வேண்டாம். சிலிண்டரை மூடி, கதவு யன்னலைத் திறந்து, வெளியே வந்துவிடுங்கள். வாரம் ஒருமுறை சவர்க்கார நுரையை இணைப்புகளில் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. இறப்பர்க் குழாயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். எங்கள் உப்புக்காற்றில் இரண்டு ஆண்டு என்பதே அதிகம் என்பது எங்கள் எண்ணம். இங்கே வெளி வாசல் பிணைச்சல் ஒரு மாரிக்குள் துருப்பிடிக்கிறது, குழாயைப் பிடித்திருக்கும் கிளிப் மட்டும் தப்புமா?

அதே உப்பு மின்கம்பிக்கும் பிளக்குக்கும் வரும். பிளக் பொயின்ற் சுடுகிறதா, கறுத்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். ஒரே எக்ஸ்ரென்சன் வயரில் பிரிட்ஜும் அரிசிக் குக்கரும் கேத்தலும் தொங்க வேண்டாம். ரிப் சுவிட்சில் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அதை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

தாச்சி எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தாச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுபவர்கள் இருக்கிறார்கள். வெளியே என்ன இருக்கிறது? மன்னார்க் காற்று. கதவைத் தாண்டியதும் சுவாலை திரும்பி முகத்துக்கு வரும். அடுப்பை நிறுத்துங்கள், தாச்சியைவிடப் பெரிய மூடியால் மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள். அந்த மூடி அடுப்புக்குப் பின்னால் தொங்கக் கூடாது. சுவாலையைத் தாண்டி எப்படிக் கை நீட்டுவது? வாசல் பக்கத்து ஆணியில் தொங்கட்டும். தரையில் சிந்திய மண்ணெண்ணெய் பற்றினால் மணல். இந்தத் தீவில் மணலுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. இரண்டு வாளி நிறைத்து, மழை நனையாமல் வைத்தால் போதும். இன்னொன்று, அடுப்படியில் நைலோன் ஹவுஸ்கோட் வேண்டாம். எங்கள் அம்மம்மாமார் பருத்திச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போனார்கள். நைலோன் எரியும்போது தோலோடு ஒட்டும், கழற்ற முடியாது.

பண்டிகையையும் சொல்லாமல் விடக்கூடாது. வைக்கோல் பரப்பிய பாலன் குடிலில் மின்குமிழ் மாலையை எரியவிட்டு, நத்தார் நடுச்சாமப் பூசைக்குக் குடும்பமே போய்விடும். சாமியறையில் விளக்கு, சாம்பிராணிச் சட்டியில் தணல், சுரூபத்துக்கு முன் மெழுகுதிரி. எல்லாச் சமயத்தவர் வீட்டிலும் ஏதோ ஒரு நெருப்பு இரவில் தனியே விடப்படுகிறது. குடும்பம் பூசைக்குப் போகும்போது, நடக்க முடியாத அம்மம்மாவை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போகிற வீடுகள் உண்டு. இதைச் சொல்லும்போது மண்டபத்தில் சிலர் ஒருவரையொருவர் பார்ப்பது தெரிகிறது.

இனித் திறப்புக்கு வருவோம்.

வெளிநாட்டுக் காசில் எழும்பிய வீடுகளைப் பாருங்கள். யன்னல் ஒவ்வொன்றுக்கும் இரும்புக் கம்பி. முன்விறாந்தைக்குக் கிறில், கிறிலுக்கு ஆமைப்பூட்டு. பின்கதவுக்குக் குறுக்குச் சட்டம், அதற்கு மேலும் கீழும் தாழ்ப்பாள். திறப்புக் கோர்வை தலையணைக்குக் கீழே, அல்லது சுரூபத்துக்குப் பின்னே, அல்லது அரிசிப் பானைக்குள். வீட்டில் இருப்பதோ எழுபத்தைந்து வயதுத் தாயார் ஒருவர், சிலவேளை துணைக்கு ஒரு சிறு பிள்ளை. கள்வனுக்குப் பயந்து கட்டிய கோட்டை. கள்வன் வந்தால் போவது நகை. தீ வந்தால், கண் தெரியாத கரும்புகையில், பதினொரு திறப்பில் எது கிறில் திறப்பு என்று தடவிக்கொண்டிருக்க வேண்டும்.

2004 யூலை 16ஆம் திகதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், மதிய உணவு சமைத்த குசினியின் நெருப்பு ஓலைக்கூரைக்குத் தாவியது. 94 பிள்ளைகள் இறந்தார்கள், சிறு வகுப்புப் பிள்ளைகள். நெருப்பு வேகமாகப் பரவியது உண்மை. ஆனால் அத்தனை பேருக்கும் இறங்கக் கிடைத்தது ஒடுங்கிய ஒரு வழி என்பதுதான் அந்தத் தொகையைச் சொல்கிறது. பள்ளிக்கூடத்தின் பிள்ளைகளாக இங்கே கூடியிருக்கிற எங்களுக்கு அதைக் கேட்டுவிட்டுச் சும்மா போக முடியவில்லை. வீட்டுக்கும் கணக்கு அதுதான். வெளியே போக இரண்டாவது வழி எது?

எங்கள் யோசனை பெரிய செலவில்லாதது. படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஒரு யன்னல் கம்பியைப் பிணைச்சல் வைத்துத் திறக்கும்படி மாற்றலாம். திறப்பில்லாமல், உள்ளிருந்து கையால் தள்ளினால் திறபடும் கொளுக்கியோடு. வெல்டிங் செய்பவருக்கு இது அரைநாள் வேலை. உப்புக்குப் பிணைச்சல் இறுகிவிடும், ஆகவே மாதம் ஒருமுறை எண்ணெய் விட்டுத் திறந்து மூடுங்கள். கிறில் திறப்பைக் கோர்வையிலிருந்து பிரித்து, தனியே, கதவோரம் ஆணியில் தொங்கவிடுங்கள். வெளியிலிருந்து கம்பிக்குள் கைவிட்டால் எட்டாத தூரம், உள்ளிருந்து இருட்டில் தடவினால் எட்டும் தூரம். வீட்டில் எல்லோருக்கும் அந்த ஆணி தெரிய வேண்டும். விருந்துக்கு வந்து தங்குகிற பிள்ளைக்கும் தெரிய வேண்டும். நடக்கச் சிரமப்படுகிற பெரியவரின் கட்டிலை வாசலுக்கு அண்மையில் போடுங்கள். உள்ளறையில் படுக்க வைப்பதுதான் மரியாதை என்று நினைக்கிறோம். தீ வந்த இரவில் அது தூரம்.

இரண்டாவது, பத்திரம். இதைப் பற்றிப் பேசக் கொஞ்சம் தயக்கமாகவே இருந்தது. ஏனென்றால் இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்குப் பத்திரத்தின் அருமையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990இல் எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் கற்பிட்டிப் பக்கம் படகேறிய தோழியர் இங்கே இருக்கிறார்கள். அதே ஆண்டு இராமேஸ்வரத்துக்குப் படகேறி மண்டபம் முகாமில் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். பெருநிலப்பரப்பிலிருந்து நடந்து நடந்து 2009இல் மெனிக்பாம் வரை போனவர்களும் இருக்கிறார்கள். அடையாள அட்டை இல்லாமல் சோதனைச்சாவடி தாண்ட முடியாத நாட்களைப் பார்த்தோம். காணி உறுதி இல்லாமல் சொந்த வளவின் படலையில் நின்று கெஞ்சியவர்களைப் பார்த்தோம். அதனால் எங்கள் தலைமுறைப் பெண்ணுக்கு வீட்டை விட்டு ஓடுவது என்றால், பத்திரப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. பிள்ளை ஒரு கையில், பை மறு கையில்.

அந்தப் புத்தி அன்று எங்களைக் காப்பாற்றியது. ஆனால் அன்று இடம்பெயர ஒரு மணித்தியாலமாவது கிடைத்தது, சிலவேளை ஒரு நாள். தீ அந்த நேரத்தைத் தராது. வெளியே வந்தவர் பைக்காகத் திரும்பி உள்ளே போவதைவிட ஆபத்தான செயல் ஒன்று இல்லை. 'போகாதே' என்று சொன்னால் மட்டும் எங்கள் தாய்மார் கேட்கமாட்டார்கள். அந்தப் பையின் பெறுமதி அவர்களுக்குத் தெரியும். ஆகவே பைக்காகத் திரும்பத் தேவையில்லாமல் முன்னரே செய்துவிட வேண்டும்.

எரிந்தால் எது திரும்பக் கிடைக்கும் என்று பார்ப்போம். பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். அடையாள அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு கிராம அலுவலர் ஊடாக விண்ணப்பிக்கலாம். உறுதிக் காணியானால் நொத்தாரிசிடமும் காணிப் பதிவகத்திலும் பிரதி உண்டு, அரச அனுமதிப்பத்திரக் காணியானால் பிரதேச செயலகத்தில் கோவை உண்டு. சாதாரண தர, உயர்தரப் பெறுபேறு பரீட்சைத் திணைக்களத்தில் இருக்கிறது. பாடசாலை விடுகைப் பத்திரத்துக்கு இதோ இந்தக் கல்லூரி அலுவலகம் இருக்கிறது. அலைச்சல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இலக்கம் தெரிந்தால் அலைச்சல் பாதியாகும். உறுதி இலக்கம், பதிவு இலக்கம், திகதி, நொத்தாரிசு பெயர் எல்லாம் வேறொரு வீட்டில், வேறொருவர் அலுமாரியில் இருக்க வேண்டும்.

யாருடைய அலுமாரி? இங்கேதான் சங்கத்தால் ஆகக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. நாங்கள் மன்னாரிலும் இருக்கிறோம், வவுனியாவிலும் கொழும்பிலும் இருக்கிறோம், திருச்சியிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறோம். இரண்டு வீடு ஒரே இரவில் எரியாது. ஆளுக்கு ஆள் இணை பிடித்து, உன் வீட்டுப் பத்திரப் பிரதி என்னிடம், என் வீட்டுப் பிரதி உன்னிடம் என்று மாற்றி வைத்துக்கொள்வோம். கூடப் படித்தவளைவிட நம்பிக்கையான இடம் வேறில்லை என்பது எங்கள் அபிப்பிராயம். உரித்துப் பிரச்சினை இருக்கக்கூடிய சொந்தக்காரரிடம் கொடுப்பதைவிட அது நல்லது (சிரிக்கிறீர்கள், ஆனால் உண்மை). மூலப்பத்திரத்தையும் நகையையும் வங்கிப் பெட்டகத்தில் வைக்க முடிந்தவர்கள் வையுங்கள். முடியாதவர்கள் நகையைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ளுங்கள்: தங்கம் உருக 1,064 பாகை செல்சியஸ் வேண்டும். சாதாரண வீட்டுத் தீயில் உருகாமலே கிடைக்கலாம், உருகினாலும் சாம்பலுக்குள் பவுண் பவுணாகவே கிடக்கும். தாலிக்கொடிக்காக உள்ளே ஓட வேண்டாம். கல்யாணப் படம் மட்டும் திரும்பி வராது. அதையும் தொலைபேசியில் படம் பிடித்து அந்த இணைத் தோழிக்கு அனுப்பிவையுங்கள்.

மூன்றாவது, பழக்கம். ஷெல் சத்தம் கேட்டால் குப்புறப் படு, பதுங்குகுழிக்குள் போ, வெளியே ஓடாதே என்று எங்கள் உடம்புக்குப் பாடமாகியிருக்கிறது. எங்களில் பலருக்கு இன்னும் பட்டாசு வெடித்தாலும் கால் உள்ளே போகத்தான் பார்க்கும். தீ கேட்பது நேர் எதிரான பாடம். உள்ளே ஒளியாதே, வெளியே போ. சிறுபிள்ளைகள் யுத்தம் காணாவிட்டாலும் பயத்தில் கட்டிலுக்குக் கீழும் அலுமாரிக்குள்ளும் ஒளிவார்கள், தேடிப் பிடிக்க முடியாது. பழைய பாடத்தில் ஒன்றே ஒன்று இதற்கும் உதவும்: தாழ்ந்து ஊர்வது. புகை மேலே நிற்கும், மூச்சு விடக்கூடிய காற்று தரையோடு இருக்கும்.

ஆகவே ஒருநாள் இரவு, சாப்பாடு முடிந்தபின், மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு எல்லோரையும் வெளியேற்றிப் பாருங்கள். ரோச் இல்லாமல், தவழ்ந்து, ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு. மூடிய கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, சூடாயிருந்தால் திறக்காமல் மற்ற வழியால். எல்லோரும் போய்ச் சேர ஓரிடம் குறியுங்கள், படலையடி வேம்போ, றோட்டுக்கு அப்பால் உள்ள பனையோ. அங்கே நின்று தலை எண்ணுங்கள். பேசாலைத் தோழி வீட்டில் இதைச் செய்தபோது பேரப்பிள்ளைகள் விளையாட்டென்று சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார்கள். பெரியவர்கள்தான் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார்களாம்.

வெளியே வந்தபின் 110 தீயணைப்புக்கு, 119 பொலிசுக்கு, 1990 அம்புலன்சுக்கு. உங்கள் நகரசபை அல்லது பிரதேசசபையின் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டுச் சுவரில் எழுதுங்கள். ஆனால் மன்னார்ப் பட்டினத்திலிருந்து தலைமன்னார் இறங்குதுறைக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். எவ்வளவு விரைந்து வண்டி வந்தாலும் முதல் பத்து நிமிடமும் நீங்களும் அயலவரும்தான். அந்த அயலவருக்கு உங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே, தாயார் எந்த அறையில் படுக்கிறார் என்று தெரியுமா?

எரிகாயத்துக்குத் தாதித் தோழி சொல்வதை அப்படியே சொல்கிறோம். உடையில் தீ பிடித்தால் ஓடாமல் நின்று, நிலத்தில் விழுந்து, உருளுங்கள். எரிந்த இடத்தில் இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஓட வேண்டும். குழாயில் வராவிட்டால் கிணற்று நீரைக் கோப்பை கோப்பையாக ஊற்றிக்கொண்டே இருங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, தேங்காயெண்ணெய், முட்டை எதுவும் வேண்டாம். வீங்குமுன் மோதிரத்தையும் காப்பையும் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை இழுக்காதீர்கள். தோய்த்த சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கடல் கடந்த தோழியருக்குத் தனியாகச் சில வார்த்தை. உங்கள் வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கூரையில் இருக்கிறது. ஒன்ராறியோவில் மாடிக்கு ஒன்று கட்டாயம் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் வடை சுடும் நாளில் அது கத்துகிறது என்று பற்றரியைக் கழற்றிவிட்டு மறந்துபோகிறவர்கள் எங்களிலும் உண்டு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் 2017 யூன் 14ஐ மறந்திருக்கமாட்டீர்கள். இலண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் நான்காம் மாடிக் குசினியில் ஒரு குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கிய தீயில் 72 பேர் இறந்தார்கள். வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று சொன்ன அறிவுரையைக் கேட்டு இருந்தவர்களும் அவர்களுள் உண்டு. உங்கள் கட்டடத்தில் வெளியேறும் ஒழுங்கு என்ன என்று இந்தக் கிழமையே கேளுங்கள்.

ஊருக்கு வரும்போது சொக்கலேற் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு புகை எச்சரிக்கைக் கருவி கொண்டுவாருங்கள். பத்து ஆண்டுக்குப் பற்றரி மாற்றத் தேவையில்லாத வகை இருக்கிறது. குசினிக்குள் வேண்டாம், விறகுப் புகைக்கு ஓயாமல் கத்தும். படுக்கையறைகளுக்கு வெளியே, நடையின் கூரையில் பூட்டுங்கள். ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கு எடுத்து, சாப்பிட்டீர்களா, மருந்து போட்டீர்களா என்று கேட்கிறீர்கள். அதோடு, 'அம்மா, திறப்பு ஆணியிலா இருக்கு?' என்றும் கேளுங்கள். எங்கள் கனடாத் தோழி இரண்டு ஆண்டாகக் கேட்கிறார். முதலில், 'உனக்கு வேறு வேலையில்லையா பிள்ளை' என்ற தாயார், இப்போது அவர் கேட்க முன்னரே சொல்லிவிடுகிறாராம்.

பத்திரப் பிரதி மாற்றுவதற்கு மண்டப வாசலில் மேசை போட்டிருக்கிறோம். இணை பிடிக்க விரும்புபவர்கள் பெயரையும் படித்த ஆண்டையும் எழுதுங்கள். ஒரே ஊரில் இருக்கும் இருவரை இணைக்கமாட்டோம். பிரதி எடுக்கும் இயந்திரம் அலுவலகத்தில் இருக்கிறது, பத்திரம் கையோடு கொண்டுவந்தவர்கள் இன்றே எடுக்கலாம். தலைமன்னார் பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் வரிசையில் முன்னுக்கு வாருங்கள், மற்றவர்கள் தேநீர் குடித்துவிட்டு வரலாம்.